இடது பக்கம் சாய்ந்த கோடுகள்

பிர்னோ நகரத்து டிராமில் இருபது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்து, ஓசிப் பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டவள் போஹுமிலா வ்ரானோவா. பொறுமை அவளுக்கு எப்போதுமே பற்றாக்குறை. இருந்த கொஞ்சத்தையும், அவளுடைய எழுபதாவது வயதில், இன்ஜினியர் ஸ்மேகல் வந்து தீர்த்துவைத்தார்.

டிராமுக்கு முன்னால் அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆண்டபோது, அவள் பிறந்த வருஷத்துப் பெண்களை மொத்தமாகப் பிடித்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் போட்டார்கள். குழலையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்பு வளையத்தில் வெல்டிங் பிசிறை அரத்தால் ராவ வேண்டும். கடைசி வருஷத்தில் மெருகு போட நேரமில்லை; சுட்டால் போதும் என்று கரடுமுரடாகவே அனுப்பினார்கள். ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கரடுமுரடுக்குத்தான் கிராக்கி. கிராக்கி வந்ததும் போலியும் வந்தது.

பழைய ஆயுதம் சேகரிப்போர் சங்கத்துக்கு ஸ்மேகல்தான் தலைவர். ஒரு பெட்டி நிறைய வளையங்களோடு வந்து, அவளுடைய சமையலறை மேசையில் பரப்பினார். எது அசல், எது போலி என்று கேட்க வந்தவர், பாடம் நடத்தத் தொடங்கினார்.

"அசல்ல அரம் போட்ட கோடு வலது பக்கம் சாயும்மா. இது பாருங்க, இடது பக்கம். சுத்தப் போலி."

போஹுமிலா அதை எடுத்து விரலால் தடவினாள். "இது நான் ராவினது."

"அதெப்படிச் சொல்றீங்க?"

"எனக்கு இடது கைப் பழக்கம், இன்ஜினியரே. பக்கத்துல நின்ன யார்மிலாவுக்கு வலது கை."

"இருக்காதே. வேணும்னே கெடுத்து வச்சீங்களா? நாசவேலையா?"

"குளிருய்யா! விரல் விறைச்சுப் போச்சு. அரம் மழுங்கிக் கிடந்துச்சு. வேறென்ன?"

அவர் நோட்டைப் புரட்டினார். அதில் அப்படி இல்லையாம். வேலைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். போர் முடிந்த அன்றே அதை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அவர் உச்சுக் கொட்டினார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கொட்டகைக்கு இழுத்துப்போய், பழைய கீல் ஒன்றை வைஸ் பிடியில் இறுக்கி, இடது கையால் நாலு இழுப்பு இழுத்தாள். ஸ்மேகல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அச்சு அசல் அதே கோடு.

அவர் ஓரடி பின்வாங்கினார். "எத்தனை வருஷமா இதச் செஞ்சு விக்கிறீங்க?"

அன்று அவர் தொப்பியை மறந்துவிட்டு ஓடினார். வேலிக்கு மேலாகப் பின்னாலேயே பறந்தது தொப்பி.

அடுத்த சங்கச் செய்திமடலில் ஓர் எச்சரிக்கை: இடது சாய்வு வளையங்களை வாங்காதீர்; ஒரு மூதாட்டி கொட்டகையில் தயாரிக்கிறார். பத்தாம் நாள் வியாபாரி ஒருவன் பூங்கொத்தோடு வந்து நூறு வளையம் கேட்டான். பூங்கொத்தாலேயே அடி வாங்கினான்.

சனிக்கிழமை, சங்கம் கூடும் பீர்க்கடைப் பின்னறைக்கே போனாள் போஹுமிலா. யாரும் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, வளையப் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இது என்னோடது. இது யார்மிலாவோடது, விளிம்பு வரைக்கும் ராவ மாட்டா, விரல் முட்டி உரசி ரத்தம் வரும்னு பயம். இதுவும் என்னோடது."

ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். கடைசியில், ஸ்மேகல் கண்ணாடிப் பேழையில் தனியாக வைத்திருந்ததைக் கேட்டு வாங்கினாள். சங்கத்துக்கே பெருமை அது.

"இதுதான் போலி."

"என்னம்மா சொல்றீங்க! கோடு எவ்வளவு தெளிவா இருக்கு!"

"அதான்யா! புது அரத்துல போட்டது. நாப்பத்தஞ்சுல எங்களுக்கு எவன் புது அரம் குடுத்தான்?"

யாருக்கோ பீர் புரையேறியது. ஸ்மேகல் அந்த வளையத்தைத் திரும்ப வாங்கிப் பேழைக்குள் வைத்தார். பிறகு, "எழுத்துல தருவீங்களா?" என்றார். தந்தாள்.

மறு மாத மடலில் இரண்டு வரி வந்தது: 'இடது சாய்வு வளையங்கள் அநேகமாக அசல். உறுதிப்படாத வாய்மொழித் தகவல்.' பேழையிலிருந்த வளையத்தைப் பற்றி மூச்சு இல்லை.

ஓலொமோட்ஸ் ஊரிலிருந்த யார்மிலாவுக்குப் போஹுமிலா உடனே போன் போட்டு வாசித்துக் காட்டினாள்.

"அநேகமாவா?" என்றாள் யார்மிலா. "அப்போ ரெண்டரை வருஷம் நாம அநேகமாத்தான் பட்டினி கிடந்தோமாடி?" சொல்லிவிட்டு இருமலோடு சிரித்தாள்.

போஹுமிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வாய்மொழியாம்! கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்டி அந்த மனுஷன்கிட்ட!" என்று கத்தினாள். அடுத்த சனிக்கிழமையும் பீர்க்கடைக்குக் கிளம்பினாள்.