ஒரு பல் தள்ளிப் போன பெல்ட்

வாடகைக்குக் கார் ஓட்டுகிறவனுக்கு வயிறு இரண்டு. தன் வயிறு காய்ந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம், வண்டியின் வயிறு காய்ந்தால் இரண்டும் சேர்ந்து காயும். பழைய டீசல் காரை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு நான் சொல்லப் போவதில் ஒன்றும் புதிதாக இருக்காது. உங்களுக்கும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கும்.

நான் திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஃபிட்டராக இருந்தவன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, யாரோ ஓட்டிக் கழித்த கார் ஒன்றை வாங்கி ஸ்டாண்டில் போட்டேன்.

சத்தம் போடாத சாமான்

எங்கள் ஸ்டாண்டில் செல்வராஜ் என்று ஒருவர். பெருமாநல்லூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது அவர் வண்டி திடீரென்று நின்றுவிட்டது. டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. இஞ்சினில் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டைதான் அது. அது போனால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். அப்புறம் இஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து ஸ்டாண்டில் விட்டார்கள். முன்னாடியே எதுவும் சத்தம் வரவில்லையா என்று கேட்டேன். செல்வராஜ் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரு சத்தமும் இல்லீங்க. கோவிச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போற மாதிரி, பேசாமப் போயிருச்சு."

நோன்பிக்குப் போன மெக்கானிக்

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் வண்டியின் பெல்ட் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். பெல்ட் முதுகில் பித்த வெடிப்பு மாதிரி வரி வரியாக விரிசல். அன்றைக்கு சனிக்கிழமை. திங்கள் காலையில் ருக்மணியக்காவைக் கோயமுத்தூர் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். அவர் அவிநாசி ரோட்டில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தார். அதுவரை அடுத்தவர் ஆர்டருக்குத் தைத்துக் கொடுத்தவர், முதல்முறையாகத் தன் பெயரில் சாம்பிள் செய்திருந்தார். வெளிநாடு கிளம்பும், ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்ட் கையில் அதை நேரில் கொடுத்தாக வேண்டும். வேறு வண்டி வைத்து அனுப்பலாம் என்று ஸ்டாண்டில் கேட்டால், முகூர்த்த நாள், ஒன்றும் இல்லை.

என் மெக்கானிக் ஆறுமுகம் கோவில் திருவிழாவான நோன்பிக்காக வெள்ளகோவிலுக்குப் போயிருந்தார். தெரியாத பட்டறையில் விட மனசு வரவில்லை. போன் போட்டு, "நானே மாத்தட்டுங்களா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் மேளச் சத்தம். அதற்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்: "மார்க்கை மட்டும் உட்றாதீங்க. மத்ததெல்லாம் வெறும் போல்ட்டுத்தானுங்க."

ஐந்தாம் கியர்

கீழ்ச் சக்கரத்தின் நடுவில் ஒரு போல்ட் உண்டு. அதைக் கழற்றியவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஞாயிறு காலை அதனுடன்தான் விடிந்தது. இஞ்சின் சுற்றாமல் இருக்க வண்டியை ஐந்தாம் கியரில் போட்டு, என் மனைவி சுமதியை உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகித் தொங்கினேன். போல்ட் அசையவில்லை.

பக்கத்து வீட்டுப் பாண்டி வந்தார். தேனிப் பக்கத்துக்காரர், ஒரு பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினோம். டக்கென்று போல்ட் விட்டுக்கொடுத்ததில் பாண்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் சொன்னது: "இதுக்கு ஒரு லாட் பூராவும் தேச்சு முடிச்சிருக்கலாம்ணே."

சொல்லாமல் வந்த வாடிக்கையாளர்

மத்தியானம் இஞ்சினுக்கு அடியில் ஜாக்கி, அதன்மேல் பலகைக் கட்டை. சாக்கு முழுக்கப் போல்ட்டுகள். பெல்ட் இல்லாமல் மொட்டையாக நிற்கும் சக்கரங்கள். அந்த நேரம் பார்த்து ருக்மணியக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேட்டுப் போக வந்தாராம்.

"வேற வண்டி பார்க்கிறதுன்னா பார்த்துக்குங்க அக்கா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். சாக்கைப் பார்த்தார். என் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "இன்னும் கை தெச்சு முடிக்காத சட்டையைப் பார்த்தா எவனும் ஆர்டர் குடுக்க மாட்டானுங்க தம்பி. முடிச்சப்புறம் சொல்லுங்க."

ஒரு பல்

சனிக்கிழமை ராத்திரியே வாங்கி வைத்திருந்த புதுப் பெல்ட்டை மாட்டி, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை இறுக்கி, இஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். சுற்றி முடித்தால் சக்கரங்களில் கோடாக வெட்டியிருக்கும் எல்லா மார்க்கும் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, கரண்டும் போய்விட்டது. சுமதி டார்ச் பிடித்தாள். அவள் ஒரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் சூப்பர்வைசர். மேல் சக்கரத்தின் மார்க் கொஞ்சம் விலகின மாதிரி எனக்கும் பட்டது. ஆனால் இடுப்பு ஒடிந்து போயிருந்தது. "வெளிச்சம் பத்தலை, அதான் அப்படித் தெரியுது. சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் டார்ச்சை அணைக்கவில்லை. ஸ்டார்ட் செய்து பார்க்க அவளிடம் இருந்த சாவியைக் கேட்டேன், தரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நாளைக்கு அந்த அக்கா பின்சீட்டில் உட்காரப் போவது நினைவுக்கு வந்ததும் கோபம் இருந்த இடத்தில் பயம் வந்தது. டென்ஷனரை மறுபடி தளர்த்தி, பெல்ட்டை எடுத்து, ஒரு பல் நகர்த்தி மாட்டிச் சுற்றினேன். கோடும் கோடும் நேராக நின்றன. சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "முந்தி மாட்டுனது எங்க லைன்ல வந்திருந்தா, ரிஜெக்ட்டுங்க."

அவிநாசி தாண்டி

திங்கள் காலையில் வண்டி கிளம்பியது. ஆனால் அவிநாசி தாண்டும் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோவைப் போடவில்லை, கண்ணாடியையும் ஏற்றவில்லை. காது முழுக்க இஞ்சினில் இருந்தது. ருக்மணியக்கா மடியில் சாம்பிள் பெட்டியோடு இரண்டு தடவை பேச்செடுத்துப் பார்த்தார். நான் "ம்" கொட்டினேன். அப்புறம் மெதுவாக, "ஏனுங்க தம்பி, ஊட்ல ஏதாச்சும் சண்டைங்களா?" என்று கேட்டார். நானே மாட்டிய பெல்ட் தாங்குமா என்ற பயத்தைச் சொன்னேன். சாம்பிளை நினைத்துத் தனக்கும் ராத்திரி தூக்கமில்லை என்று அவரும் சொன்னார். அதன் பிறகு இரண்டு பேரும் நிம்மதியாகப் பயந்துகொண்டே போனோம்.

ஏஜென்ட் விமான நிலைய வாசலில் நின்றபடியே பெட்டியைத் திறந்து, கழுத்துத் தையலை இழுத்துப் பார்த்து, தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அந்த மாதக் கடைசியில் ஆர்டர் வந்தது. ஆனால் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அந்தத் தலையசைப்பு மட்டும்தான். அக்கா வந்து பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "திரும்பிப் போறப்பவாச்சும் ஒரு பாட்டுப் போடுங்க தம்பி."

மெக்கானிக் மாட்டிய பெல்ட் என்றால் சந்தேகம் வண்டியின் மேல் மட்டும்தான் இருக்கும். நானே மாட்டியதால் ஒரு மாதம் என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டே ஓட்டினேன்.