குலதெய்வம் கேட்ட வீடு

கொட்டச்சேட்டில் பஸ் பழுதாகி நிற்கிறது. மழைக்கு ஒதுங்கிய என்னை ஒரு அம்மா வீட்டுக்குள் கூப்பிட்டு, தலை துவட்டத் துண்டும் சில்வர் டம்ளரில் காபியும் தருகிறார்.

“ஏனுங்க, உங்களுக்குக் குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?”

சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள், இப்படித்தான் கேட்பார்கள். வாடகைக்கு வீடு தேடிய இடங்களிலெல்லாம் இதே கேள்விதான். உண்மையைச் சொன்ன மறுநிமிடம், அந்த வீட்டை வேறு யாருக்கோ பேசி முடித்திருப்பார்கள். இங்கே டம்ளரில் பாதிக் காபி மிச்சமிருக்கிறது. வெளியே மழை வலுக்கிறது. கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனின் கோயிலைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“அட, நான் பொறந்த ஊடும் அந்தக் கோயில்தானுங்க! அப்ப நீ எனக்குத் தம்பி. உள்ளார வா சாமி, சாப்பிட்டுட்டுத்தான் போகோணும். எங்க அண்ணன் இப்ப வந்துருவாரு. கோயில் பங்காளிக அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும்.”

அடுப்படியில் இலை போட்டு, சோற்றில் நெய் ஊற்றுகிறார். பஸ் ஹாரன் கேட்காதா என்றிருக்கிறது. நான் இன்னும் கை நனைக்கவில்லை.

வாசலில் பைக் வந்து நிற்கிறது.

“அண்ணா, நம்ம பங்காளி வந்திருக்கறாரு, பாருங்க!”