கேபினெட்டுக்குள் ஒரு சாமந்தி இதழ்

பழைய கம்ப்யூட்டரை எதிர்வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டு வரும்போது, புராசசரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் பழுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டு இருந்தது. எரிந்துபோன வயர்த் துண்டு என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். எதைப் பார்த்தாலும் முதலில் எரிந்துபோனதாக நினைப்பது என் சுபாவம். புருவம் திருத்தும் இடுக்கியால் மெல்ல இழுத்தேன். வந்தது ஒரு காய்ந்த சாமந்தி இதழ். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் நாத்தனாரின் சிரிப்பு காதுக்குள் கேட்டது.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. என்னைவிட ஆறு வயது சின்னவள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள்; கோபம் வந்தால் கன்னடம், கொஞ்சினால் தமிழ், வேலை என்றால் இரண்டும் கலந்து. டிப்ளமா முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ காட்டோரக் கோபிநத்தத்தில் பிறந்து ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி மைசூருக்கு வந்தபிறகு, அக்ரஹாரம் என்ற பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பத்துக்குப் படம் ஒட்டப் போனேன். ஒட்டிக்கொண்டே பக்கத்தில் வீடியோ எடிட் செய்கிறவரின் கையைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். பின்னால் ஸ்டூடியோக்காரர் கல்யாண வீடியோக்களை என் வீட்டுக்கே அனுப்பித் தரத் தொடங்கினார். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, அழுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் எழுதியிருக்கும் இங்கிலீஷ்தான் படிக்க வராது.

வேலையில் எனக்கு ஒரே ஒரு இடைஞ்சல். வெட்டி ஒட்டி முடித்த படத்தைக் கம்ப்யூட்டர் ஒரே கோப்பாகச் சமைத்து வெளியே தள்ள வேண்டும். ஒரு முழுக் கல்யாணத்துக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். மற்றவர்கள் இதை இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுவார்கள். என்னால் முடியாது. கோடையில் காட்டுப் பக்கம் புகை வாசம் வருகிறதா என்று மூக்கைத் தீட்டி வைத்துக்கொண்டே தூங்கும் ஊர் எங்களுடையது. வீட்டில் ஒரு இயந்திரம் சூடாக ஓடிக்கொண்டிருக்க நான் கண்ணை மூடுவதா? ஆகவே பகலில்தான் ஓட்டுவேன். பகல் முழுக்க அது ஓடினால் அடுத்த கல்யாணத்தை எப்போது வெட்டுவது? வேலை தேங்கியது. ஸ்டூடியோக்காரர் குரலில் சலிப்பு ஏறியது. பெங்களூரில் ஒருவர் இரண்டு நாளில் முடித்துத் தருகிறாராம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். பொதுவாகச் சொல்லும் பேச்சு யாருக்கென்று தெரியாத அளவுக்கு நான் படிக்காதவள் இல்லை.

நாத்தனாரிடம் புலம்பினேன். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "இது வேகத்தக் கூட்ட விடற ரகம் அண்ணி. கம்பெனிக்காரன் சொன்ன வேகத்துக்கு மேல ஓட்டலாம்" என்றாள்.

"கம்பெனிக்காரன் சொன்னதுக்கு மேலயா? எரிஞ்சு போயிராதா கண்ணு?"

"ஏனூ ஆகல்ல அண்ணி." ஒன்றும் ஆகாது என்பதை மட்டும் அவள் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வாள். "யானை வர்ற ஊர்ல பொறந்துட்டு ஒரு டப்பாவுக்குப் போய் பயப்படறீங்களே!"

"யானை வந்தா மரம் முறியற சத்தம் கேக்கும். இது சத்தமில்லாம போயிருமே."

அவள் வேகத்தைத் தொடவில்லை. முதலில் சூட்டைக் கவனித்தாள். இரண்டு சனிக்கிழமைகள் அதற்கே போயின. உள்ளே படிந்திருந்த தூசியை ஊதித் தள்ளினாள். கடையிலிருந்து பெரிய ஃபேன் வைத்த கூலர் ஒன்றைக் கொண்டுவந்தாள். புராசசருக்கும் கூலருக்கும் நடுவில் காய்ந்துபோயிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தாள். "இன்னுங் கொஞ்சம் வெச்சா இன்னும் நல்லதுதானே" என்று நான் ட்யூபை வாங்கப் போனேன். "தோசைக்குச் சட்னி தடவறீங்களா? தள்ளிப் போங்க" என்று கையைத் தட்டிவிட்டாள். முன்பக்கச் சல்லடை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும், மேலேயும் பின்னாலேயும் சூடான காற்று வெளியே போகும் என்று ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் காட்டினாள். முன்னால் பிடித்தபோது புகை உள்ளே இழுபட்டது. எனக்கு அன்றைக்கு ஊதுவத்திதான் ஞாபகத்தில் நின்றது, காற்று நிற்கவில்லை. அதற்கான வினையைப் பிற்பாடு அனுபவித்தேன்.

வேகம் முப்பத்தைந்து என்ற எண்ணில் இருந்தது. அதை முப்பத்தாறாக்கினாள். அரை மணி நேரம் கம்ப்யூட்டரைக் கசக்கிப் பிழியும் ஒரு சோதனையை ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தாள். பிறகு முப்பத்தேழு. மறுபடி அரை மணி. "சாமுண்டி பெட்டத்துல மலைப் படி ஏறற மாதிரிதான். நாலு நாலாத் தாவுனா மூச்சு முட்டும். ஒண்ணு ஏறு, நில்லு, நெஞ்சு என்ன சொல்லுதுன்னு கேளு" என்பாள். நாற்பத்து மூன்றில் திரை உறைந்து நின்றது. நான் ஐயோ என்று எழுந்தேவிட்டேன். அவள் காப்பியை உறிஞ்சிக்கொண்டே அணைத்து மறுபடி போட்டு நாற்பத்திரண்டுக்கு இறக்கினாள். இன்னும் வேகம் வேண்டுமானால் மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டுமாம். அதை மட்டும் அவள் தொடவே மாட்டேன் என்றாள். அத்தனை துணிச்சல்காரி பயந்த ஒரே இடம் அது. அவள் பயந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவள்மேல் முழு நம்பிக்கை வந்தது. எனக்காக இன்னொரு படி இறக்கி நாற்பத்தொன்றில் நிறுத்தினாள். சூடு அளவுக்கு மீறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், அதற்கும் அடங்காவிட்டால் தானே அணைந்துவிடவும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடினாள். ஒன்பது மணி நேர வேலை ஏழே முக்காலில் முடிந்தது. காலை ஏழுக்குப் போட்டால் மூன்றுக்குள் படம் கையில்.

நான் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஓடும்போதெல்லாம் மணிக்கொரு தரம் சூட்டை எழுதிவைத்தேன். எழுபத்திரண்டு, எழுபத்து நாலு, எழுபத்து மூன்று. எண்பதைத் தாண்டினால் போன் செய்யச் சொல்லியிருந்தாள். மூன்று மாதமாக ஒரு நாளும் தாண்டவில்லை. அவள் வரும்போதெல்லாம் அந்த நோட்டைப் புரட்டி, "நோயாளி எப்படி இருக்காரு டாக்டர்?" என்று கேலி செய்வாள்.

அப்புறம் தசரா வந்தது.

விஜயதசமி அன்று மத்தியானம் ஒரு புதுமணப்பெண் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாள். கல்யாணப் படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். "காலைல ஒம்பது மணிக்குள்ள என் கைல இருக்கணும்மா. அப்பறம் ஊர்வலத்துக்கு ரோடெல்லாம் அடச்சிருவாங்க. இதுவும் தள்ளிப்போச்சுன்னா மிச்சக் கல்யாணத்த நான் பெங்களூருக்கே குடுத்துருவேன்" என்று ஸ்டூடியோக்காரர் இந்தத் தடவை நேராகவே சொல்லிவிட்டார். முதல் நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். எனக்கோ அன்றைக்குத்தான் ஓட்டியாக வேண்டும். சாமியைப் பகைத்துக்கொள்ளவும் பயம், ஸ்டூடியோக்காரரைப் பகைத்துக்கொள்ளவும் பயம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு முடிவெடுத்தேன். கம்ப்யூட்டர் ஓடட்டும், ஓய்வுக்குப் பதிலாகப் பூஜையைப் பலமாகச் செய்துவிடலாம்.

காலை ஏழுக்கு ஓடவிட்டேன். எட்டுக்கு நோட்டில் எழுபத்து மூன்று என்று எழுதினேன். ஒன்பதுக்கு என் கணவர் சந்தையிலிருந்து பத்து முழம் அடர்த்தியான சாமந்தி மாலை கொண்டுவந்தார். அதைக் கேபினெட்டின் முன்பக்கம் முழுக்க மூன்று சுற்றாகச் சுற்றினேன். மேலே என் கல்யாணப் பட்டின் பழைய துண்டை மடித்து விரித்து, சாமுண்டீஸ்வரி படத்தை வைத்து, வெற்றிலை பாக்கும் வைத்தேன். குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, எண்ணி மூன்று தடவை விழுந்து கும்பிட்டேன். பிறகு ஒன்பது மணிக் கணக்கை நோட்டில் எழுதாமலே சர்க்கரைப் பொங்கலைக் கிளறப் போய்விட்டேன். நடுவில் இரண்டு தடவை வந்து கேபினெட்டின் பக்கவாட்டில் கைவைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. தாயே, நீயே குளிர வைத்துவிட்டாய் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

பத்துக்குச் சற்று முன்னால் ஃபேன்கள் இரைந்த சத்தம் கேட்டது. நான் ஓடிவருவதற்குள் சத்தம் நின்றது. திரை கறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. அதில் எரர் என்ற ஒரு சொல்தான் எனக்குத் தெரிந்தது. மறுபடி அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் அங்கேயே கிடந்தேன். நாத்தனாருக்குப் போன் செய்யவில்லை. ஓய்வு நாளில் ஓட்டிய தப்பு என்னுடையது, சாமி தண்டித்துவிட்டது என்று ஒரு மனம். வேகத்தைக் கூட்டியதால் வெந்துபோயிருக்கும், சொன்னால் அவள் மனசு உடைந்துபோகும் என்று இன்னொரு மனம். படிக்காதவள் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஊரே சொல்வதாக மூன்றாவது. அந்தப் பெண்ணின் தாலி கட்டும் காட்சி உள்ளே கருகிக் கிடப்பதுபோல் தோன்றி அழுதேவிட்டேன். என் கணவர்தான் எதுவும் கேட்காமல் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார்.

கடைப் பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். அவள் ஸ்கூட்டரின் இரண்டு கைப்பிடியிலும் வாழைக்கன்று கட்டியிருந்தது, சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அண்ணி, இது ஓடிட்டு இருந்தப்பவும் இப்படியேதான் இருந்துதா?"

"ஆமா கண்ணு. தப்புதான். ஓய்வு நாள்ல ஓட்டக் கூடாதுதான். சாமி..."

"சாமி ஒண்ணும் பண்ணல. நீங்கதான் பூவால மூக்க அடச்சு, பட்டால வாயக் கட்டியிருக்கீங்க."

"நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேனே! சில்லுன்னுதானே இருந்துச்சு!"

"எங்க தொட்டீங்க?"

நான் பக்கவாட்டுத் தகட்டைக் காட்டினேன்.

"ஜுரம் வந்தா முழங்காலத் தொட்டுப் பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் ஸ்கூட்டருக்கும்தான் மாலை போட்டிருக்கேன். ஹெட்லைட்ட மறச்சா போட்டேன்?"

சாமி படத்தை மட்டும் இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வைத்தாள். மாலையை அவிழ்த்தாள். பக்கத் தகட்டைக் கழற்றியபோது உள்ளே முன்பக்க ஃபேன் மஞ்சள் இதழ்களாகத் துப்பி வைத்திருந்தது. ஊதி ஊதி வெளியே எடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்து மேல்பக்கச் சல்லடையின் மேல் வைத்து, பொத்தானை அழுத்தினாள். அந்த வெள்ளை வரி மறுபடி வந்தது. "அளவுக்கு மேல சூடாயிடுச்சு, அதனால நானே நிறுத்திக்கிட்டேன்னு சொல்லுது. அவ்வளவுதான். வேகாம இருக்கத்தான் அணைஞ்சிருக்கு" என்றாள். ஒரு பொத்தானைத் தட்டினாள். திரை வெளிச்சமாயிற்று. என் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. தாலி கட்டும் காட்சியை ஓடவிட்டாள். நாதஸ்வரம் முழங்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"வேணும்னா பழைய முப்பத்தஞ்சுக்கே எறக்கிரட்டுமா அண்ணி?" என்று கேட்டாள்.

இறக்கச் சொல்வேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கை தானாக அந்த நோட்டை எடுத்தது. மூன்று மாத எண்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எழுபத்தாறைத் தாண்டிய ஒரு எண் இல்லை. பயத்தில் எழுதியவைதான் எல்லாம். அவையே இப்போது எனக்குச் சாட்சி சொல்லின. "வேண்டாம். நாப்பத்தொண்ணுலயே ஓடட்டும்" என்றேன். என் கணவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

சரியாகப் பன்னிரண்டுக்கு மறுபடி போட்டோம். என் கையை மறுபடி மேல்சல்லடையின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெதுவெதுவென்று காற்று வந்தது. பிறகு நன்றாகவே சுட்டது. நான் கையை இழுத்துக்கொண்டேன். "இதுக்குப் பயப்படாதீங்க. சூடு வெளிய வந்துட்டு இருக்குதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். வராட்டிதான் என்னக் கூப்பிடணும்" என்றாள். பிறகு பொங்கலை வாயில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஒங்களுக்கும் அதேதான் அண்ணி. அரை மணி நேரம் உள்ளயே வெச்சு அழுதுட்டு இருந்தீங்களாமே" என்றாள்.

எழுபத்து நாலு. எழுபத்து மூன்று. எழுபத்து நாலு. ஏழே முக்காலுக்குப் படம் வந்தது. மறுநாள் காலை எட்டரைக்கு அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, வாழைக்கன்று முகத்தில் அடிக்க, அக்ரஹாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருக்களில் தடுப்புக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் பென்டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கல்யாணத்தை எடுத்து என் கையில் வைத்தார். திரும்பும் வழியில் ஊரே யானைமேல் வரும் அம்பாரியைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில், கதவைச் சாத்தாமல், தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாது.

அவள் இப்போது கல்யாணமாகி ஹுப்பள்ளியில் இருக்கிறாள். என்னிடம் புது கம்ப்யூட்டர் இருக்கிறது. வேண்டியபோது தானே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது, குறைத்துக்கொள்கிறது. ஆயுத பூஜைக்கு அதன் பக்கவாட்டில் ஒரு பொட்டு, கீபோர்டின் மேல் ஒரே ஒரு பூ. அவ்வளவுதான்.

இதழைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரை எதிர்வீட்டாருக்குக் கொடுக்கப்போவதையும் சொல்லி, அவளுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. முக்கால்வாசி சிரிப்பு. கடைசியில் மட்டும் பேச்சு: "அதக் குடுக்கறதுக்கு முன்னாடி வேகத்த முப்பத்தஞ்சுக்கு எறக்கிருங்க அண்ணி. அவங்க நோட்டெல்லாம் எழுத மாட்டாங்க. எறக்கிட்டு ஓடவிட்டு, காத்து வருதான்னு பாருங்க."

நானே இறக்கினேன், படிப்படியாக. ஒரேயடியாக இறக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை. மூடி, ஓடவிட்டு, அந்தக் காய்ந்த இதழை மேல்சல்லடைக்கு மேலே கொண்டுபோய் விரல்களை விரித்தேன். கீழே விழவில்லை. வெதுவெதுப்பான காற்றில் ஒரு கணம் நடுங்கிக்கொண்டு நின்றது, அப்புறம் எழும்பி என் தோளைத் தாண்டிப் போனது.