காத்திருக்கத் தெரியாத வண்டி

லிஃப்ட் பழுதுபார்க்க வருகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்றால் அதில் மிகையில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்குத் திக்குவாய். குறிப்பாகக் 'க'வில் தொடங்கும் சொற்கள் தொண்டையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. எதிரே நிற்பவர் பரிதாபப்பட்டோ பொறுமையிழந்தோ அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்துவிடுவார். பாதி நேரம் தவறான சொல்லாக இருக்கும். அவரும் அதற்கே தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

லிஃப்டின் கூண்டுக்கு மேலே ஏறி நின்றுவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது. கம்பிக்கயிறு, சக்கரம், கிரீஸ் வாசனை, நெற்றியில் கட்டிய விளக்கு. எதுவும் அவரைக் கேள்வி கேட்காது. கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு மௌனசாமி என்று பேர் வைத்திருந்தார்கள். கண்ட்ரோல் ரூமிலிருந்து எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று செய்தி வரும். வண்டியை ஓரம்கட்டி 'வருகிறேன்' என்று தட்டி அனுப்புவார். மீதியைக் கைகள் பார்த்துக்கொள்ளும். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டத்தில் மண் விழுந்தது வேறொரு மெக்கானிக்கால். அவன் ஓட்டிக்கொண்டே கட்டைவிரலால் பதில் தட்டி, விளக்குக் கம்பத்தில் வண்டியைக் கொண்டுபோய்ச் சொருகினான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கம்பெனி விழித்துக்கொண்டது. எல்லா வண்டியிலும் பேசினால் கேட்கும் கருவி பொருத்தப்பட்டது. முன்னால் ஒரு திரை, ஸ்டியரிங்கில் வாய் படம் போட்ட ஒரு பொத்தான். அதை அழுத்தினால் 'டிங்' என்று ஒரு சத்தம், பிறகு "சொல்லுங்கள்" என்று ஒரு பெண் குரல். கண்ணாடிக்கு மேலே ஒரு குட்டிக் கேமரா. கை போன் பக்கம் போனால் கீச்சென்று கத்தும். இனிமேல் வேலை வந்தால் வாயால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு 'வருகிறேன்' என்று சொல்லாவிட்டால் அந்த வேலை வேறு வண்டிக்குப் போய்விடும்.

முதல் நாள் காலையில் பொத்தானை அழுத்தினார். டிங். சொல்லுங்கள்.

"க... க... கண்..."

அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. உதடு நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. கருவிக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"கண் டாக்டரை அழைக்கிறேன்" என்றது.

வேண்டாம் என்று சொல்வதற்குள் மணி அடித்து, மறுமுனையில் ஆளும் வந்தாயிற்று. "கண் ஆஸ்பத்திரி, சொல்லுங்க." போன வருஷம் கண்ணாடி மாற்றும்போது சேமித்து வைத்த எண். ஸ்டியரிங்கில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தி அணைத்தார். மறுபடியும் முயன்றார். மறுபடியும் கண் ஆஸ்பத்திரி. அன்று மாலைக்குள் அந்த வரவேற்புப் பெண் குரல் உயர்த்திவிட்டாள். "சார், அப்பாயின்ட்மென்ட் வேணுமா, வேணாமா? போன் போட்டுட்டுப் பேசாம இருந்தா என்ன அர்த்தம்?"

வீட்டுக்கு வந்ததும் கண் டாக்டரின் எண்ணை அழித்தார். மறுநாள் கருவி "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. அதற்கு மறுநாளும் அதையேதான் சொன்னது. ஏசிக் காற்று நேராக மைக்கில் அடிக்கிறதோ என்று காற்றைக் கீழே திருப்பினார். ஜன்னலை ஏற்றினார். மைக்கின் சின்ன ஓட்டையில் தூசி இருக்குமோ என்று பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தார். போனுக்கும் வண்டிக் கருவிக்கும் இருந்த இணைப்பைத் துண்டித்து, இரண்டையும் அணைத்துப் போட்டு, மறுபடி சேர்த்து வைத்தார். 'உங்கள் குரலைப் பழக்குங்கள்' என்று ஓர் இடம் இருந்தது. அங்கே திரையில் வரும் வாக்கியங்களை வாசிக்கச் சொன்னது. முதல் வாக்கியத்தின் பாதியிலேயே 'நேரம் முடிந்தது' என்று திரை இருண்டுவிட்டது. பழகுவதற்கே திக்காத வாய் வேண்டும் போலிருந்தது.

கருவி பொருத்திய கடைக்கே வண்டியை ஓட்டிப் போனார். அங்கே இருந்த டெக்னீஷியன் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தி, "கண்ட்ரோல் ரூமைக் கூப்பிடு" என்று சும்மா ஊதித் தள்ளினார். உடனே அழைப்பு போனது.

"நல்லாத்தானே வேலை செய்யுது? வண்டியில ஒரு கோளாறும் இல்லைண்ணே."

கோளாறு எங்கே என்று அவருக்கும் தெரியும். அதைச் சொல்லவும் ஒரு 'க' தேவைப்பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அன்றைக்குச் சிக்னலில் நிற்கும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. 'ம'வில் தொடங்கும் சொற்கள் அவருக்கு எப்போதுமே வழுக்கிக்கொண்டு வரும். உதட்டை மூடி முனகினால் போதும், சொல் தானாகக் கிளம்பிவிடும். கண்ட்ரோல் ரூமுக்குப் பேரை மாற்றிவிட்டால்? மாடு, மரம், மலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். 'மாமியார்' என்ற சொல்தான் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அவருடைய மாமியாரை அவர் 'அத்தை' என்றுதான் போனில் வைத்திருந்தார். ஆகவே குழப்பத்துக்கு வழியில்லை என்று நினைத்தார். ஓரம்கட்டிப் பேரை மாற்றினார்.

பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொரு வண்டியிலும் ஒரு நாள் கூடவே வந்து பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலையிலேயே அவர் வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப்லெட். நல்ல மனிதர்தான், ஆனால் காலில் வெந்நீர் கொட்டியது போல எதிலும் அவசரம்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். திரையில் வேலை வந்து விழுந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பல் மருத்துவமனைக் கட்டடம், லிஃப்டுக்குள் இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்கள். பக்கத்துத் தெரு! நடந்தே போய்விடலாம். சந்தோஷமாகப் பொத்தானை அழுத்தினார்.

"மாமியார்" என்றார், பிசிறில்லாமல்.

கருவி ஒரு கணம் யோசித்தது. "மாமியார் என்ற பெயரில் இருவர் இருக்கிறார்கள். எந்த மாமியார்?"

அதிகாரி டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

வண்டி ஓட்டியவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. இந்தப் போனை வாங்கும்போது கடைப்பையன் மனைவியின் கணக்கைப் போட்டுத்தான் திறந்து கொடுத்தான். அவளுடைய போனில் இருந்த எண்கள் முழுவதும் இதிலும் வந்து குடியேறியிருந்தன. மனைவியின் மாமியார் என்றால் அவருடைய அம்மா.

"ரெ... ரெ... ரெண்டா..."

"முதலாவது மாமியாரை அழைக்கிறேன்."

"என்னடா, இந்த நேரத்துல?" என்று அவருடைய அம்மாவின் குரல் வண்டி முழுக்க ஒலித்தது. "உடம்பு ஏதும் சரியில்லையா? ஏன்டா பேசமாட்டேங்கிற?"

சிவப்புப் பொத்தானை அழுத்தினார். திரும்ப வாய் படத்தை அழுத்தினார். பதற்றத்தில் இப்போது 'மா' கூட நின்றுவிட்டது. எப்போதும் கைகொடுக்கிற எழுத்தே கழுத்தறுத்தால் மனிதன் எங்கே போவான்? வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். நின்ற வண்டியில் போனைத் தொடலாம், அது விதியிலேயே இருந்தது. எடுத்துப் போட்டால் கண்ட்ரோல் ரூம் லைன் பிஸி. அதற்குள் திரை மாறியிருந்தது. ஊரின் அந்தக் கோடியில் நிற்கும் இன்னொரு வண்டிக்கு வேலை போய்விட்டது.

"சரி விடுங்க, அவங்க பார்த்துக்குவாங்க" என்றார் அதிகாரி.

அவர் விடவில்லை. அடுத்த திருப்பத்தில் வளைத்துக்கொண்டு போய் அந்தக் கட்டடத்து வாசலில் நிறுத்தினார். மின்சாரத்தை நிறுத்தி, மேல்தளத்திலிருந்து கூண்டைக் கையால் இறக்கி, சாவி போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், வியர்த்து வழிந்துகொண்டு அவருடைய மகள்.

"மணி அடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?" என்று அந்தப் பெண் சீறினாள். "அப்பாவுக்கு மூச்சு முட்டிப்போச்சு. மனுஷங்க உள்ள இருக்கோம்ங்கிற நினைப்பு இருக்கா உங்களுக்கு?"

அவர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பதில் வரும்வரை நிற்க அவளுக்கு மனமில்லை. அப்பாவைப் பிடித்துக்கொண்டு படி வழியாக இறங்கிப் போய்விட்டாள்.

வண்டிக்குத் திரும்பியதும் அதிகாரி டேப்லெட்டில் எதையோ தட்டிக்கொண்டே சொன்னார். "வேலையில உங்களை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இந்தக் கருவியைக் கொஞ்சம் சீக்கிரமா பேசிப் பழகிக்கோங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! நாற்பத்தெட்டு வயது வரைக்கும் பழகிப் பழகி வராததை இவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடியின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்தி வைத்து, மனைவியையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு மறுபடி போராடினார். அவள் மருந்துக்கடை கவுன்டரில் வேலை செய்கிறவள். எதையும் அடி முதல் நுனி வரை படிக்காமல் விடமாட்டாள். மாமியார் விஷயம் அதற்குள் வீடு முழுக்கத் தெரிந்திருந்தது.

"ஊர்ல வேற பேரே கெடைக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே தன்னுடைய எண்களை எல்லாம் அந்தப் போனிலிருந்து நீக்கினாள். கண்ட்ரோல் ரூமுக்குப் பழைய பேரையே திருப்பி வைத்தாள். "இப்ப சொல்லுங்க பார்ப்போம்."

டிங். சொல்லுங்கள்.

"க... க..."

"கண்ட்ரோல் ரூம்" என்றாள் அவள்.

"கண்ட்ரோல் ரூமை அழைக்கிறேன்" என்றது கருவி, அவளுக்காகவே காத்திருந்தது போல.

அழைப்பை நிறுத்தினார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அவரால் நிரப்ப முடியாத அந்த இடைவெளியில் அவள் புகுந்தாள். வேண்டுமென்று அல்ல, கல்யாணம் ஆன நாளிலிருந்து கடைக்காரரிடம், டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில் என்று எங்கேயும் அவருக்காக முடித்து வைத்து முடித்து வைத்துப் பழகிய நாக்கு.

"நீ... நீ வண்டியில வருவியா?" என்று வெடித்தார். "தி... தினமும் கூட உட்கார்ந்து எனக்குப் பதிலா பேசுவியா? அ... அதுவும் விடமாட்டேங்குது, நீயும் விடமாட்டேங்கிற!"

கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார். தூண்களுக்கு நடுவே, எண்ணெய்க் கறை படிந்த தரையில், நிற்கிற கார்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேல் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்க வந்து, அவரைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே போனார்.

அவர் திரும்பி வந்தபோது மனைவி போனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இங்க பாருங்க. எங்கேயோ கடைசியில ஒளிச்சு வெச்சிருக்கான். 'பேசி முடிக்கும் வரை காத்திருக்கும் நேரம்'. சாதாரணம், நீளம், மிக நீளம்னு மூணு இருக்கு. இத்தனை நாளா சாதாரணத்துல கெடந்திருக்கு."

மிக நீளத்தில் வைத்தார்கள். அவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். டிங். சொல்லுங்கள்.

"க..." தொண்டைக் கதவு சாத்திக்கொண்டது. திரையில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "க... க... கண்... ட்ரோல் ரூம்."

"அப்பாடா!" என்றாள் அவள்.

"கண்ட்ரோல் ரூம் அப்பாடா என்ற பெயரில் யாரும் இல்லை" என்றது கருவி.

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முன்னால் சாய்ந்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லாவிட்டாலும் புரியவில்லை, சொன்னாலும் புரியவில்லை என்கிற ஒன்றோடு நாளெல்லாம் ஓட்டப்போகிறவர் அவர்தானே.

அதன்பிறகு நிலைமை கொஞ்சம் தேறியது என்றுதான் சொல்ல வேண்டும். ஜன்னலை ஏற்றி, ஏசியைக் குறைத்து, புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு பேசினால் பெரும்பாலும் கேட்டது. வெளியே பஸ் ஹாரன் அடித்தால் ஹாரனையும் சேர்த்து எழுதிக்கொண்டு முழித்தது. மழை பெய்தால் சுத்தம். வைப்பரின் சத்தத்தைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு, அது முடியட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் அவர் வண்டியை ஓரம்கட்டிக் கையால் கூப்பிட்டார். இரண்டு வேலைகள் அதனால் கைவிட்டுப் போயின. இரண்டும் பக்கத்தில் இருந்தவை.

பாதுகாப்பு அதிகாரி மறுபடி ஒரு நாள் வந்தபோது அவரிடம் தன் யோசனையை வாய்விட்டே சொன்னார். எழுதிக் கொடுத்திருக்கலாம், வேண்டுமென்றே சொன்னார். சிக்னல் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறி, மறுபடி சிவந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்தினார்கள். அதிகாரி இரண்டு முறை குறுக்கே வந்து, "பட்டனா? திரையில ஒரு பட்டனா?" என்று ஊகித்தார். ஊகம் சரியாகவே இருந்தது. ஆனாலும் அவர் தலையாட்டவில்லை. முழுவதையும் தானே சொல்லி முடித்தார். வேலை வந்தால் திரையில் 'வருகிறேன்' என்று ஒரே ஒரு பெரிய பொத்தான் இருந்தால் போதும். ஒருமுறை தொட்டால் முடிந்தது. பாட்டை மாற்றுவதற்குத் தொடுவதைவிட அது ஒன்றும் ஆபத்தில்லை.

"நியாயம்தான்" என்றார் அதிகாரி. "மேல சொல்றேன்."

மேலே சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. மழைக்காலம் முடிந்து வெயில் வந்துவிட்டது. பொத்தான் இன்னும் வரவில்லை. கேட்டால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்கிறார்கள். ஜன்னலை ஏற்றிவிட்டு, சட்டை முதுகோடு ஒட்ட, அவர் வாய் படம் போட்ட பொத்தானை அழுத்துகிறார். பச்சைப் புள்ளி துடிக்கிறது. எரிச்சலில் அவருக்கு முதலில் வாயில் வருவது 'க'வில் தொடங்குகிற சொல்லே அல்ல. அதை அச்சில் போட முடியாது. அது மட்டும் திக்காமல் வருகிறது.