மாதப்பன் இறக்கிவிட்ட மணல் திட்டு

பரிசலைக் கவிழ்த்துப் போட்டு நிர்மலா தார் பூசிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அது அவள் புருஷன் மாதப்பன் செய்கிற வேலை. அவன் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உருகிய தாரின் நெடி உள்ளே வந்தது. அவன் எழுந்து கதவைச் சாத்தவும் இல்லை, வெளியே வந்து பார்க்கவும் இல்லை.

ஒகேனக்கல்லில் வெள்ளம் வடிந்துவிட்டது; நாளைக்குப் பரிசல் துறையைத் திறக்கிறார்கள். முதல் நாளே அவன் முறை. போகாவிட்டால் அது நிர்மலாவின் தம்பி முனியப்பனுக்குப் போய்விடும். கைமாறிய முறை திரும்பி வருவது லேசில்லை.

மாதப்பன் அந்தமானில் இருந்துவிட்டு வந்தவன். பரிசல் ஓட்டுகிறவனுக்குக் கயாக் என்கிற ஒல்லித் துடுப்புப் படகு எந்த மூலைக்கு என்று பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவர் கூட்டிப்போய் ஒரு சின்ன டூர் கம்பெனியில் சேர்த்துவிட்டார். சுற்றிப்பார்க்க வருகிறவர்களைக் காலையில் காட்டுப் பாதையில் நடத்திக் கூட்டிப்போவான். வெயில் ஏறியதும் முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிவிட்டுப் பவளப்பாறைக்குக் கூட்டிப்போவான். சாயங்காலம் அலையாத்திக் காட்டுக்குள் கயாக். "மஞ்ச மீனு, நீல மீனு எல்லாம் இருக்குது. பொரிக்கறதுக்கில்ல, பாக்கறதுக்கு மட்டுந்தான்" என்று மகள் காவியாவிடம் போனில் சிரிப்பான்.

ஒகேனக்கல்லில், ஆற்று நடுவே மணல் திட்டில் ஆட்களை இறக்கிக் குளிக்கச் சொல்லிவிட்டு, பரிசல்காரர் கரைக்குப் போய்ப் பொரித்த மீனும் சோறும் வாங்கிவருவார். திட்டு எங்கேயும் போகாது. அந்தமானிலும் மாதப்பன் ஒரு நாள் அதையே செய்தான். புருஷன், பெண்டாட்டி, ஒரு சின்னப் பெண். கடல் நடுவே வெள்ளை மணலில் இறக்கிவிட்டுச் சாப்பாடு எடுத்துவரக் கரைக்குப் போனான். கடல் ஏறும், இறங்கும் என்று வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லியிருந்தார்கள். தெரியாமல் இல்லை. பழக்கம்.

சாப்பாடு கட்டித்தர நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது திட்டு இல்லை. அந்தப் பெண்மணிக்குக் கழுத்துவரை தண்ணீர். லைஃப் ஜாக்கெட்டெல்லாம் இவன் படகில் கிடந்தது. அப்பன் தோள்மேல் உட்கார்ந்திருந்த பெண் இவனைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தது. இதுவும் டூரில் சேர்த்தி என்று நினைத்திருந்தார்கள். படகில் ஏறி நன்றாகச் சாப்பிட்டார்கள். இவனை நடுவில் நிற்கவைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தான். நிர்மலாவிடம் மட்டும் ஒரு தடவை சொன்னான், அடுத்த தெருவில் யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. அதன் பிறகு சாப்பிடுகிறான், தூங்குகிறான், சொன்னால் கடைக்குப் போய்வருகிறான். ஆற்றுப் பக்கம் மட்டும் போவதில்லை.

முனியப்பன் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றான்.

"என்னா மாமா, கடலையே பாத்துட்டு வந்த ஆளுக்குக் காவேரி கசக்குதா?"

மாதப்பன் லேசாகச் சிரித்தான்.

"எங்கக்கா தார் பூசற லட்சணத்தப் பாருங்க. பரிசலுக்குப் பூசுச்சா, அது மூஞ்சிக்குப் பூசுச்சான்னே தெரியல."

"உன் வாய்க்குப் பூசணும்டா மொதல்ல" என்றாள் நிர்மலா.

"பூசிக்கலாம். மொதல்ல வெவரத்தச் சொல்லு. மாமா வர்றாரா, இல்ல நான் ஓட்டட்டுமா? துறையில இன்னிக்கே பேர் சொல்லணுமாம்."

நிர்மலா மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கேட்டீங்கல்ல? என்னா சொல்லட்டும்?"

"மீன் குழம்பு இருக்குதா?" என்றான் அவன்.

"இருக்குது. நான் கேக்கறது அது இல்லீங்க."

அவன் தோள் துண்டை எடுத்து மடித்தான். பிரித்து மறுபடி மடித்தான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. அந்தப் புள்ள சிரிச்சுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சிரிச்சுச்சு."

"அப்புறம் என்னாங்க?"

வெளியே முனியப்பன் வண்டியைக் கிளப்பினான். "அக்கா, நேரமாவுது" என்றான்.

"போறீங்களா, அவன்கிட்டக் குடுத்துடட்டுமா? ஏதோ ஒண்ணு சொல்லுங்க."

அவன் கை துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது. நிர்மலா வெளியே போய், "உன் பேரையே குடுத்துடுடா" என்றாள்.