முனிரத்தினத்தின் ஏழு டி.வி. பெட்டிகள்

கரும்பு வண்டி ஒன்று எடைமேடையில் ஏறிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. லாரி டிரைவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, “நம்ம முனிரத்தினம் சார் காலையில போயிட்டாருங்க. நெஞ்சு வலியாம்” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சர்க்கரை ஆலையில் இருபது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து கரும்பு எடை போட்டவர்கள் நாங்கள். மாரில் பாரமாக இருக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நானும் ஒரு வாரமாகக் கத்தினேன். கேட்டால்தானே!

திருத்தணியில் மலையடிவாரத்து வீட்டில் அவருடைய முன்கூடத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுவரோரம் ஏழு பழைய டி.வி. பெட்டிகள், எல்லாம் கறுப்பு வெள்ளை. சிலவற்றுக்கு நாலு கால், சிலவற்றுக்கு இழுத்து மூடும் மரக்கதவு. கலர் வந்ததும் மதராஸில் ஜனங்கள் ஒழித்துக்கட்டியவை. ஒன்றுகூட ஓடாது. முதல் பெட்டியை ரயிலில் கொண்டுவந்தபோது நானும் உடன் இருந்தேன். சென்ட்ரலிலிருந்து திருத்தணி வரை பெட்டி உட்கார்ந்து வந்தது, நான் நின்றுகொண்டு வந்தேன். “ரிப்பேராவது பண்ணித் தொலையுங்களேன்” என்றேன். “வேணாம் பாவா. ஓட ஆரம்பிச்சா அதையா பாப்பாங்க? படத்தைத்தான் பாப்பாங்க” என்றார். என் மனைவி அவருடைய ஊரான அம்மையார்குப்பத்துக்காரி. அந்த உறவில் நான் அவருக்குப் பாவா, அதாவது மச்சான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த நெசவுக் குடும்பம் ஒன்று, பாயோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள், “இன்னாங்க இது, ஏழு பொட்டி வச்சிகினு ஒண்ணுல கூட படம் காட்ட மாட்டீங்களா?” என்று கேட்டே விட்டாள். மனிதர் அசரவில்லை. “படம் எதிர் வூட்ல இருக்குதும்மா. இங்க பொட்டியப் பாருங்க” என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எந்த வீட்டுப் பெட்டி, யார் யார் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று விசாரித்து எழுதி வைத்திருந்தார். “ஒரு தெருவே கூடி உக்காந்து பாத்த பொட்டி பாவா. தூக்கிப் போட மனசு வருமா?” என்பார். வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு பாயைச் சுருட்டினார்கள். அவர் மனைவி சரோஜாம்மா, “கால் நீட்ட எடம் இல்ல, மியூசியம் நடத்துறாரு” என்று என்னிடம்தான் பொரிந்து தள்ளினார்.

ஆனால் பெட்டிகளைச் சுவரைவிட்டு நகர்த்த அவர் யாரையும் விட்டதில்லை. போன மாதம், “நான் இல்லன்னா இதுங்க கதி இன்னா பாவா?” என்று கேட்டார். “நான் இல்லையா? பாத்துக்கிறேன், போங்க” என்றேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள்.

அன்று ஆலையிலிருந்து ஓடினேன். உடலைக் கிடத்தக் கூடத்தில் இடம் இல்லை. வாசலில் கூட்டம், உள்ளே பெண்களின் ஒப்பாரி, எனக்குத் தலை சுற்றியது. “பெட்டியெல்லாம் எடுத்து வெளிய வைங்கப்பா” என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். ஏழும் தெருவுக்குப் போயின. சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, முதல் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு படியேறினேன். பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா குறுக்கே கை நீட்டினார்.

“வைங்க நைனா கீழ. பொணம் கெடக்கும்போது வெளிய போன சாமான் திரும்ப வாசப்படி ஏறக்கூடாது.”

“அவர் உயிரா வச்சிருந்ததும்மா இது!”

“ஆங், அவனே போயிட்டான். இது மட்டும் இன்னாத்துக்கு?”

சரோஜாம்மாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. மன்றாடினேன், கத்தினேன். துக்க வீட்டில் குரலை உயர்த்துகிறேன் என்று நாலு பேர் என்னைத்தான் அடக்கினார்கள்.

மறுநாள் மழை. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து பார்த்தால், கால் ஒடிந்த ஒரு பெட்டி மட்டும் நனைந்து கிடந்தது. சாவு வீட்டுச் சாமான் ஆகாது என்று சொன்ன அதே தெருவில், மரக்கதவு வைத்த பெட்டி ஒன்று கோழிக்கூண்டாகிவிட்டது. கேட்டால், எங்கள் வீட்டுப் பெட்டி என்கிறார்கள். 

மிஞ்சியதை ரிக்‌ஷாவில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த சண்டைக்குத் தயாராக வாசலில் நின்றேன். என் மனைவி ஒரு நிமிஷம் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அதன் மேல் தெளித்தாள். “ஆச்சு, எடுத்துகினு வாங்க” என்றாள். அவ்வளவுதான்! ஒரு செம்புத் தண்ணீரில் முடிந்திருக்கும். அன்றைக்கு அத்தனை பேர் நின்றோம், எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முனிரத்தினம் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த ஒரு பெட்டிதான். துடைத்து, காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். பக்கத்தில் ஆறு பெட்டிக்கு இடம் விட்டிருக்கிறேன். எடுத்துப்போனவர்கள் இதைப் படித்தால் கொண்டுவந்து கொடுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க மாட்டேன். வெளியே வைக்கச் சொன்னவன் நான்.