அம்மாவின் கூறை நனைந்த நாள்

புலித்தோலை அரைக்கசைத்துத் திசைகளையே மேலாடையாய்க் கொண்ட பெருமானே, ஆடையைப் பற்றி எழுதத் துணிந்த இந்தக் கை நடுங்காதிருக்க அருள்வாய்.

இன்று தைப்பூசம். விம்பிள்டன் கோயிலில் காலைப் பூசை கண்டு, பதிகம் பாடி, சட்டனிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பி இதைத் தொடங்குகிறேன்.

எண்பதுகளின் இறுதியில் என் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. எங்கள் வழக்கப்படி மணமகளின் கூறைச்சேலையை மாப்பிள்ளை வீட்டார் வாங்குவார்கள். அதைத் தட்டத்தில் வைத்துச் சபையில் கொண்டுவரப் பெரியோர் தொட்டு ஆசி கூறுவர்; அதன் பின்னரே பெண் அதை உடுப்பாள். எங்கள் வீட்டில் முதலில் தொடவேண்டியவர், என்னோடு வசித்த என் அக்கா.

மாப்பிள்ளையின் தாய் ஊரில் நடந்த போரில் அனைத்தையும் இழந்து வந்தவர். டூட்டிங்கில் ஒரு தையற்கூடத்தில் வேலை செய்தார். சேலையை எங்களுக்குக் காட்டுவதற்கென்று முன்னதாகவே கொண்டுவந்தார். அக்கா அதன் கரையை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

“இது பட்டில்லையே.”

“ஓம் அக்கா, பொலியெஸ்டர்தான். பட்டெண்டு பொய் சொல்ல மனம் வரேல்லை. எங்களுக்கு ஏலுமானது இதுதான். மெஷினில தோய்ச்சாலும் ஒண்டும் ஆகாது.”

“தோய்க்கிறதுக்கோ கூறை வாங்குறது?”

அவர் சென்றபின் அக்கா சொன்ன சொல், எங்கள் குடும்பத்தில் நெடுங்காலம் வழங்கிய ஒரு வசை: “கடதாசிப் பட்டு.”

அதன் பிறப்பைச் சொல்லவேண்டும். இரண்டு பெரும் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், மரக்கூழிலிருந்து இழை நூற்ற சீமை ஆலைகளின் செயற்கைப் பட்டு எங்கள் ஊர்க் கடைகளுக்கும் வந்தது. அதுவரை பட்டின் மினுக்கம் சில வீடுகளுக்கு மட்டும் உரியது. இப்போதோ தேர்த் திருவிழாவில், வீட்டு வேலைக்கு வருபவளும் எசமானியும் ஒன்றுபோல் மினுங்கினர். எசமானிகளால் அதைப் பொறுக்க முடியவில்லை. அந்தத் துணி நனைந்தால் நைந்து கிழியும் என்று கண்டுகொண்டார்கள். மழையிலோ கேணிக்கரையிலோ எவள் சேலையாவது கிழிந்தால், பார்த்துச் சிரிப்பதற்கு அந்தச் சொல் பிறந்தது. எங்கள் வீட்டு அடுக்களையிலும் அந்தச் சிரிப்பு கேட்டதுண்டு.

“எங்கட அம்மாவின்ர கூறை பெட்டியில கிடக்கு. பிள்ளை அதை உடுக்கட்டும்” என்றார் அக்கா. “இதில நான் கை வைக்கமாட்டன்.”

“மாமி, அவ ஓவர்டைம் செய்து வாங்கினது. நான் இதைத்தான் உடுப்பன்” என்றாள் மகள்.

“அப்ப என்னைச் சபையில தேடாதை.”

மூத்தவர் கை படாத தட்டத்தோடு அந்தத் தாய் சபை நடுவே நிற்பார். அவமதிப்பில் தொடங்கும் மணவாழ்வு என் மகளுக்கு எப்படி அமையும் என்று கலங்கினேன். அக்காவோ அசையவில்லை.

திருமணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, அக்கா அம்மாவின் கூறையை எடுத்துச் சாமிப்படத்தின் முன் வைத்தார். அப்பாவின் திருமணச் சால்வையையும் அருகில் வைத்தார். இரண்டும் அப்பாவின் வீட்டார் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. விளக்கு சரிந்து எண்ணெய் இரண்டிலும் கொட்டியது. பட்டுக்குத் தீட்டில்லை என்று சொல்லி அம்மா அந்தச் சேலையை ஒருநாளும் நனைத்ததில்லை. எண்ணெயோடு விடமுடியாதென்று, அக்கா இரண்டையும் குளியல் தொட்டியில் ஊறவைத்தார்.

“தம்பி, இஞ்ச ஒருக்கா வா.”

குரல் தாழ்ந்திருந்தது. போய்ப் பார்த்தேன். அக்கா முழந்தாளிட்டிருந்தார். சேலையில் அவர் பிடித்துத் தூக்கிய இடத்துத் துணி மட்டும் கையோடு வந்தது; மற்றது ஊறிய கடதாசியாய் நீரிலேயே கிடந்தது. சால்வையை எடுத்துப் பிழிந்தார். ஓர் இழையும் விலகவில்லை.

அம்மாவின் திருமணத்தில் மாப்பிள்ளைக்கு மெய்ப்பட்டும் பெண்ணுக்குப் பொய்ப்பட்டும் வாங்கியது எங்கள் பெருமைக்குரிய குடும்பம்!

“அப்பாவுக்குப் பட்டு. அம்மாவுக்குக் கடதாசி” என்றார் அக்கா. சால்வையைத் தொட்டியின் விளிம்பில் போட்டுவிட்டு, “மழை இருட்டினால் அம்மா இதை உடுத்துக்கொண்டு கோயிலுக்கு வரமாட்டா. உனக்கு ஞாபகமிருக்கோ?” என்றார்.

நினைவிருந்தது. அந்த நினைவுதான் என்னை இடிபோல் தாக்கியது. அம்மா அறிந்திருக்கிறார். அறிந்துகொண்டே, அடுக்களையில் வீட்டார் மற்றப் பெண்களின் சேலையைச் சொல்லிச் சிரித்த சிரிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு, வாய் திறவாமல் அரிசி களைந்திருக்கிறார். ஈரத்துக்கு அஞ்சியே ஒரு மனைவி தன் மங்கல நாள்களைக் கழித்திருக்கிறார்.

திருமணத்தன்று தட்டம் வந்தபோது நான் அக்காவைப் பார்க்கவும் துணியவில்லை. அவர் எழுந்துபோய் இரண்டு கைகளையும் அந்தச் சேலைமேல் வைத்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் வைத்திருந்தார்.

“தோய்க்கலாமெண்டு சொன்னனீங்கள், என்ன?” என்று அந்தத் தாயைக் கேட்டார்.

“ஓம் அக்கா. எத்தினை தரமும்.”

“அப்ப பிள்ளை பயமில்லாமல் உடுக்கலாம்” என்று சொல்லித் தட்டத்தை அடுத்தவரிடம் நகர்த்தினார்.

இதை வாசிக்கும் யாவரும் உண்ணவும் உடுக்கவும் குறைவின்றி, உடுத்ததை மறைக்கும் அச்சமின்றி, மழையிலும் மங்கலமாய் நடந்து வாழ அம்பிகை அருள்க.